வெள்ளையம்மாவுக்கு முடி இறக்கப் போனேன்

மலையை விட்டு இறங்கினாலே எனக்கு வெளிநாடுதான். கொடைக்கானலுக்கும் மேலே, மே மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடிக்கிற ஊர் எங்களுடையது. நானும் என் மனைவியும் அங்கே இருபது இருபத்தைந்து அங்கோரா முயல்கள் வளர்க்கிறோம். அதுகளின் ரோமத்தை வெட்டி, நூற்று, குல்லாவும் மப்ளரும் பின்னி விற்பதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவன் கத்திரி வெயிலில் ஒரு மூட்டை காய்ந்த புல்லைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்கு ஏன் போனான் என்று கேட்டால், என் இளகின மனசுதான் காரணம். போன டிசம்பரில் ஒரு முயல்குட்டியைத் தரமாட்டேன் என்று கடைசிவரை சொல்லியிருக்க வேண்டும். முக்கால்வாசி தூரம் சொன்னேன், அப்புறம் கொடுத்துவிட்டேன்.

கேட்டது காரைக்குடி செல்வி. பிளவுஸ் தைக்கிறவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் கணேசன் தச்சு வேலைக்காரர். இருவரும் கொடைக்கானலைச் சுற்றிப் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டு முயல்களைப் பார்த்தார்கள். அவர்களுடைய ஒரே மகள் காவேரி கல்யாணமாகிக் கனடாவில் இருக்கிறாள். அவள் உண்டாகியிருக்கும் செய்தி அப்போதுதான் வந்திருந்தது. அந்தக் குளிருக்குப் பேரப்பிள்ளைக்கு ஒரு குல்லா வேண்டும் என்றார் செல்வி. நூலாகவே தருகிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை.

“நூலு வாங்கிப் பின்னுனா அது கடைச் சாமான் மாதிரிதானண்ணே. நான் வளத்து, நான் எடுத்த முடியா இருக்கணும்” என்றார்.

உங்கள் ஊர் வெயிலில் இது செத்துப்போகும் என்று மூஞ்சிக்கு நேரே சொன்னேன். தனி அறை, ஏர்கூலர், ஈரச்சாக்கு என்று அவர் ஒவ்வொன்றாக அடுக்கினார். இரண்டு மாதக் குட்டி ஒன்றைக் கொடுத்தேன். முதல் முடியை நானே வெட்டி அனுப்பியிருக்கலாம். பனி அதிகமாக இருந்ததால் ஊருக்குப் போய் வெட்டிக்கொள்ளுங்கள், அதன்பிறகு இரண்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்டுங்கள் என்று சொல்லி, ஒரு கத்தரிக்கோலையும் கொடுத்து அனுப்பினேன். போனில் கேட்கும்போதெல்லாம், “ஆகட்டும்ணே, செய்வோம்ணே” என்பார். வெட்டிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் ஒரு காலையில் போன் வந்தது. வெள்ளையம்மா நேற்றிலிருந்து சரியாகத் தின்னவில்லை, மூச்சு வாங்குகிறது என்று சொல்லும்போதே செல்வியின் குரல் உடைந்துவிட்டது. முயலுக்கு வெள்ளையம்மா என்று பேர் வைத்திருந்தார்கள். உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், நான் கிளம்பி வருகிறேன் என்றேன். என் மனைவி வாசல்வரை வந்து ஒரே ஒரு புத்தி சொன்னாள்: “போன இடத்துல கத்தாத.”

பஸ்ஸில் புல் மூட்டைக்கும் டிக்கெட் எடு என்றார் கண்டக்டர். வெறும் புல்லய்யா என்றேன். அப்படியானால் மடியில் வைத்துக்கொள் என்றார். வைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மூட்டையை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு மாடு எத்தனை உருப்படி என்று விசாரித்தார். மாடில்லை, முயலுக்கு என்றேன். எங்க பக்கம் முயல் அதுபாட்டுக்கு மேயும், நீங்க இம்புட்டுத் தூரம் சுமந்துட்டு வாரீகளே என்று அவர் சத்தமாகவே அனுதாபப்பட்டார். அடுத்த நான்கு சீட்டும் திரும்பிப் பார்த்தது.

திருப்பத்தூர் தாண்டியதும் பஸ் ரேடியேட்டர் கொதித்து நின்றது. இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் வந்தது. இந்த வெயிலில் உடம்பு முழுக்கக் கம்பளி போர்த்திய ஒரு உயிரை விட்டுவைத்திருக்கிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். முயலுக்கு வியர்க்காது. சூட்டை வெளியே தள்ள அதற்கு இருப்பது இரண்டு காது மட்டும்தான். டிரைவர் கண்மாயிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் எடுத்துவந்து ஊற்றும்வரை முக்கால் மணி நேரம் அங்கேயே கிடந்தோம்.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு டம்ளர் நன்னாரி சர்பத் குடிக்க மூட்டையைக் கீழே வைத்தேன். குடித்து முடித்துத் திரும்பினால் ஒரு வெள்ளாடு சாக்கைக் கிழித்துத் தலையை உள்ளே விட்டிருந்தது. மலைப்புல் அதற்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும், இழுத்தாலும் வரமாட்டேன் என்றது. சர்பத் கடைக்காரர் சிரித்துக்கொண்டே வந்து காதைப் பிடித்துத் தூக்கினார். மீதிப் புல்லை என் துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

கணேசன் செய்திருந்த கூண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுக் கூண்டு பழைய பலகையும் கம்பிவலையும். இங்கே முழுக்கத் தேக்கு. மேலே அன்னப்பட்சி செதுக்கி, பித்தளைக் கொண்டி போட்டு, காற்று போக நான்கு பக்கமும் சட்டம் விட்டு, அடியில் புழுக்கை விழ இழுவைத் தட்டு. எந்த முயலும் இப்படி வாழ்ந்திருக்காது. அதற்குள்ளே ஒரு மூலையில் வெள்ளையம்மா கிடந்தது. முகம் எங்கே, வால் எங்கே என்று தெரியாத அளவுக்கு ரோமம். கையை உள்ளே விட்டால் விரல் முட்டிவரை புதைந்தது. அக்குளிலும் வயிற்றடியிலும் சிக்குப் பிடித்து அடை அடையாகக் கட்டியிருந்தது. காது கொதித்தது.

தட்டை இழுத்துப் பார்த்தேன். மிளகு அளவுக்கு நாலைந்து புழுக்கை, அதுவும் முடியில் கோத்த பாசிமணிபோலத் தொடர்ந்து கிடந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முயல் பூனையைப்போல உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும். நக்கிய முடியைப் பூனை கக்கிவிடும், முயலால் கக்க முடியாது. நிறைய நார்த்தீனி இருந்தால் வெளியே தள்ளிவிடும். இல்லாவிட்டால் குடலிலேயே அடைத்துக்கொள்ளும். அடைத்தால் சாவுதான்.

என்ன தீனி கொடுத்தீர்கள் என்று கேட்டேன். புல்லுதாண்ணே, அப்பப்ப வெள்ளைப் பணியாரம், தேன்குழல், ஊறவச்ச அரிசி, வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு வெறும் புல்லையா போடுறது என்றார் செல்வி. முடியை எத்தனை தடவை வெட்டினீர்கள் என்றேன். கணேசன்தான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“இன்னும் முத முடியே எடுக்கலண்ணே. சாமிக்கு நேந்திருக்கு.”

நடந்தது இதுதான். கொண்டுவந்த முதல் வாரமே குட்டிக்குக் கழிச்சல். பிழைக்காது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டார்கள். செல்வி பயந்துபோய், நெற்குப்பைப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் தங்கள் குலதெய்வத்துக்கு, பிழைத்தால் முதல் முடி உனக்குத்தான் என்று நேர்ந்துகொண்டார். பிழைத்துவிட்டது. ஆனால் கோயிலில் திருப்பணி நடக்கிறது, குடமுழுக்கு முடியும்வரை நேர்த்திக்கடன் எதுவும் செலுத்தக் கூடாது. பிள்ளைக்கு நேர்ந்த முடியில் கத்தரி படாமல் வைத்திருப்பார்களே, அதே மாதிரி இதற்கும் வைத்திருந்தார்கள். ஐந்து மாதம்.

மனைவி சொன்னது ஞாபகம் இருந்தது, ஆனாலும் கத்தினேன். இது பிள்ளையில்லை, முயல் என்றேன். சாமி கேட்டதா என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கழிச்சலிலிருந்து எழுந்து அது முதன்முதலாகப் புல்லைக் கடித்ததைப் பார்த்தவர் அவர். நானா பார்த்தேன்?

காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டியிருந்தார்கள். டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்து, இன்னும் கல்லாகவில்லை, மருந்து கேட்கும் என்று சொல்லி, குடல் அசைய ஒரு ஊசியும் தோலுக்கடியில் தண்ணீரும் ஏற்றி அனுப்பியிருந்தார். இந்த முடியை இறக்காமல் நான் எந்த ஊசி போட்டும் பிரயோசனமில்லை என்றும் சொல்லியிருந்தார். அதைக் கேட்டபிறகும் இருவருக்கும் கத்தரியை எடுக்கக் கை வரவில்லை. முயல் செத்துவிடுமோ என்று ஒரு பயம். சாமிக்கு நேர்ந்ததைத் தொட்டால், மகள் மாசமாக இருக்கும் நேரத்தில் ஏதாவது ஆகிவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். அதை மட்டும் இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வடிந்துவிட்டது. ஈரத்துணியால் வெள்ளையம்மாவின் காதைத் துடைத்துவிட்டேன். புல்லை அரைத்துக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் வாயோரமாகக் கொஞ்சம் புகட்டினேன். சரி, கோயிலில் யாரையாவது கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை. ஐந்து மாதமாக ஒருத்தரையும் கேட்கவில்லை. முயலுக்கு முடி இறக்கலாமா என்று கேட்டால் பங்காளிகள் சிரிப்பார்களே என்ற வெட்கமாம்.

வெயில் தாழ்ந்ததும் நானும் கணேசனும் அவருடைய பைக்கில் நெற்குப்பைப் பக்கம் கிளம்பினோம். வழியில் பஞ்சர். அரை மைல் தள்ளிக்கொண்டு போய் ஒட்டி வாங்குவதற்குள் பொழுது சாயத் தொடங்கிவிட்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் செம்மண். எங்கள் ஊர்க் கறுப்பு மண்ணைப் பார்த்த கண்ணுக்கு, யாரோ செங்கல்லைப் பொடித்துக் கொட்டியதுபோல இருந்தது. கோயிலில் சாரம் கட்டிப் பூச்சு நடந்துகொண்டிருந்தது. பூசாரி முப்பது வயதுக்காரர், லுங்கியை மடித்துக்கட்டி ஹோஸ் பைப்பால் புதுச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். கணேசன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். நான் சிரிப்பு வருமென்று காத்திருந்தேன். பூசாரி பைப்பை மடக்கிப் பிடித்துக்கொண்டு, ஆணா பொண்ணா என்று கேட்டார். பெண் என்றோம்.

“சீக்காக் கிடக்கிற பிள்ளைக்குக் காத்திருக்க வேண்டியதில்லையே. பூமுடியா மூணு கத்தை எடுத்து மஞ்சத்துணியில முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வைங்க. மிச்சத்த இறக்கிடுங்க. குடமுழுக்கு முடிஞ்சு, அப்ப எம்புட்டு வளந்திருக்கோ அதைக் கொண்டாந்து செலுத்துங்க” என்றார்.

கணேசன் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. பைக்கை எடுக்கப் போனபோது பூசாரி பின்னாலிருந்து கூப்பிட்டார். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் எடுக்க வேண்டும், மாமன் யார் என்றார். கணேசன் என்னைப் பார்த்தார். அதன் தாய் இவுக வீட்டுலதான் இருக்கு என்றார். அப்ப இவுகதான் என்று சொல்லிவிட்டுப் பூசாரி மறுபடி தண்ணீர் அடிக்கப் போய்விட்டார்.

முறைப்படி அதன் தாய்மாமன் எங்கள் வீட்டு மூன்றாம் கூண்டில் குளுகுளுவென்று உட்கார்ந்து முட்டைக்கோஸ் தின்றுகொண்டிருக்கிறான். எனக்குக் கூடப்பிறந்த பெண் கிடையாது. அண்ணன் தம்பி மூன்று பேர். ஐம்பத்தாறு வயதுவரை எந்தப் பிள்ளையும் என் மடியில் உட்கார்ந்து மொட்டை போட்டதில்லை, காது குத்தியதில்லை. கல்யாண வீடுகளில் மாமன் சீர் வரும்போது வழிவிட்டு நிற்கிற ஆள் நான்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்னால், விடிந்தும் விடியாததுமாக ஆரம்பித்தோம். செல்வி குளித்து, விளக்கேற்றி, ஒரு தாம்பாளத்தில் நான் கொண்டுவந்த சீப்பு, கத்தரிக்கோல், நூல் நூற்கும் தக்ளி, வழியில் வாங்கிய ஒரு பப்பாளி, ஆடு தின்று மிச்சம் வைத்த புல் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தார். இது என்ன என்றேன். மாமன் சீரில்லாம வெறுங்கையா வந்ததா இருக்கக் கூடாதுல்லண்ணே என்றார். என்னத்தைச் சொல்ல.

கிழக்கே பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வெள்ளையம்மாவை மடியில் வைத்தார்கள். மாமனும் நானே, நாவிதரும் நானே. மூன்று கத்தை வெட்டினேன், கணேசன் மஞ்சள் துணியில் வாங்கி முடிந்தார். அதன்பிறகு சாவகாசமாக வேலை. முதுகில் நடுவகிடு எடுத்து, வரிசை வரிசையாக இறங்க வேண்டும். முயலின் தோல் மெல்லிசு, முடியைத் தூக்கிப் பிடித்தால் தோலும் சேர்ந்து எழும்பிக் கத்தரியில் மாட்டும். அதனால் தோலை விரலால் இழுத்துப் பிடித்து ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுவோம். சிக்கு அடைகளை எடுக்கத்தான் நேரமாயிற்று. நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கவிட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் அந்த மூட்டைக்குள்ளிருந்து பூனைக்குட்டி அளவுக்கு ஒரு ஒல்லி உயிர் வெளியே வந்தது.

கணேசன் கிண்ணத்தோடு வந்து சந்தனம் பூசலாமா என்று கேட்டார். வேண்டாம், நக்கிவிடும் என்றேன். ரொம்ப வருத்தத்தோடு கிண்ணத்தைக் கொண்டுபோனார்.

அன்று முழுக்கக் காத்திருப்புத்தான். டாக்டரம்மாவிடம் இன்னொரு ஊசி போட்டு வந்தோம். இரண்டு மணிக்கொருமுறை புல் கரைசல், தண்ணீர், வயிற்றை மெள்ளத் தடவிவிடுதல், அறைக்குள் கொஞ்சம் நடக்கவிடுதல். பப்பாளி ஒரு துண்டு வைத்தேன். அது முடியைக் கரைத்துவிடும் என்று சொல்வார்கள், டாக்டரம்மா அதெல்லாம் கரைக்காது என்கிறார். வாயைத் திறக்கவைத்தால் போதும் என்று வைத்தேன், முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. புழுக்கைத் தட்டில் வெள்ளைக் காகிதம் விரித்தோம். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூவரில் யாராவது குனிந்து பார்த்தோம். காகிதம் அப்படியே இருந்தது.

காலையில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் வைத்தார் செல்வி. எங்கள் ஊரில் அப்படி ஒரு பணியாரம் யாருக்கும் சுட வராது, ஓரம் மடங்காமல் பூப்போல இருந்தது. பத்தாவதை வேண்டாம் என்றதும் முகம் வாடிவிட்டது. இப்படித்தான் முயலுக்கும் போட்டிருப்பார்கள் என்று அப்போது புரிந்தது. இந்த ஊரில் ஒரு உயிர் பசியாறிவிட்டது என்று யாரும் லேசில் நம்பமாட்டார்கள்.

கைக்கு வேலை இருந்தால்தான் மனசு அடங்கும் என்று ரோமத்தைத் தரம் பிரிக்க உட்கார்ந்தோம். முதுகு ரோமம் நீளம், சுத்தம். அது குல்லாவுக்கு. விலாப்பக்கம் இரண்டாந்தரம். வயிற்றடி அடைகளைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இதில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாததால் கழுவாமலே நூற்கலாம். வழுக்கும், அதனால் கொஞ்சம் செம்மறி ரோமம் கலந்தால் நூல் நிற்கும். தக்ளியைச் சுழற்றிக் காட்டினேன். இருபது தடவை அறுந்தது. இருபத்தோராவது தடவை செல்வியின் விரலுக்குப் பிடி கிடைத்துவிட்டது. துணியோடு பழகிய கை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். இந்த ரோமம் பறக்கும், பச்சைப்பிள்ளையின் மூக்கில் போகும், உள்ளே பருத்தித்துணி வைத்துத் தைக்காமல் போடக் கூடாது. அவர் எழுந்துபோய்ப் பலமுறை துவைத்து மெதுவாகிப்போன கண்டாங்கிச் சேலை ஒன்றை எடுத்துவந்தார். காவேரியைப் பெத்தப்ப கட்டியிருந்தது என்றார். தலை அளவு என்ன என்று கேட்டேன். ஒரு சின்ன எவர்சில்வர் செம்பைக் கொண்டுவந்து டேப்பால் சுற்றி அளந்தார். பொறந்தப்ப காவேரி தலை இந்தச் செம்பளவுதான் இருந்துச்சு என்றார். பேசிக்கொண்டே திரும்பிக் கூண்டைப் பார்த்தார். காகிதத்தில் ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் காலை செல்வி கூப்பிட்ட சத்தத்தில் எழுந்து ஓடினேன். போய்விட்டது என்றே நினைத்தேன். தட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். காகிதத்தின் நடுவில் ஏழெட்டுப் புழுக்கைகள், முடியில் கோத்தபடி. அதற்குப் பின்னால் தனித்தனியாக, கடலைப் பருப்பு அளவில் உருண்டையாக ஒரு கை நிறைய. கூண்டுக்குள் மொட்டை வெள்ளையம்மா ஆடு மிச்சம் வைத்த புல்லைக் கரகரவென்று தின்றுகொண்டிருந்தது.

கணேசன் புழுக்கையை எண்ண ஆரம்பித்தார். செல்வி சிரித்தார், அப்படியே உட்கார்ந்து அழுதார். என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. முயல் புழுக்கையைப் பார்த்து மூன்று பேர் அழுத வீடு அந்த ஜில்லாவில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கிளம்பும்போது சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். புல்தான் சாப்பாடு, அறுகும் வேலிமசால் தழையும் போதும், பணியாரம் என்று மூச்சுவிடக் கூடாது. குடமுழுக்கு முடிந்து முடி செலுத்தியதும், வரும் கோடைக்கு முன்னால் மலைக்குக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். அதற்குச் செல்வி உடனே தலையாட்டிவிட்டார். எனக்கு ஒரு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தார்கள். மாமனுக்கு வைப்பது, மறுக்கக் கூடாது என்றார்கள்.

குல்லாவை செல்வியே பின்னினார். உள்ளே கண்டாங்கித் துணி வைத்துத் தைத்து, பிள்ளை பிறந்தபிறகு அனுப்பிவைத்தார். எங்கள் ஊரில் உறைபனி விழ ஆரம்பித்த ஒரு காலையில் எண்ணே தெரியாத ஒரு போன் வந்தது. முயல் கேட்டு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சிடுசிடுத்துக்கொண்டே எடுத்தேன்.

“மாமா, நான் காவேரி பேசுறேன். செல்வி மக” என்றது ஒரு பெண் குரல். குல்லா சரியாக இருக்கிறதாம், பிள்ளை அதைக் கழற்றினால் அழுகிறதாம். அப்புறம் விஷயத்துக்கு வந்தாள். “எனக்குக் கூடப்பொறந்தவன் இல்ல, மாமா. பிள்ளைக்கு முடி இறக்க ஊருக்கு வரணும். தாய்க்கு மாமன் பிள்ளைக்கும் உக்காரலாம்னு பூசாரி சொன்னாராம். நீங்க வருவீகளா?”

என் மனைவி அடுப்படியிலிருந்து யார் என்று கேட்டாள். இரு என்று அவளுக்குக் கையைக் காட்டினேன். அப்புறம் போனில் சொன்னேன்.

“வர்றேம்மா. சீரோட வர்றேன். தேதிய மட்டும் தள்ளிப்போடாதீங்க.”